பட்டப்பகலில் விளக்கு

2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்குப் பயணிகள் விமானம் வரத் தொடங்கிய காலத்தில், அது பட்டப்பகலிலும் விளக்கெரித்து இறங்குவது ஏன் என்று ஊர்காவற்றுறைப் பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். நியாயமான கேள்விதான்.

10,000 அடிக்குக் கீழே பகலிலும் தரையிறங்கு விளக்குகளை எரியவிடுவது பயணிகள் விமானிகளின் வழமை. மற்றைய விமானங்கள் கண்டு விலகட்டும் என்பதற்காக. இயந்திரத்தை இயக்குமுன்னரே சிவப்பு எச்சரிக்கை விளக்கு; ஓடுபாதையில் ஏறும்போது பளிச்சிடும் வெள்ளை விளக்குகள். முகிலுக்குள் அவ்வொளி திரும்பி விமானியின் கண்ணையே கூசச் செய்வதால், அங்கே அணைப்பதுமுண்டு.

இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை என்பது கப்பலிடம் இரவல் வாங்கிய ஒழுங்கு. நெடுந்தீவுக் கடலோடிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை: இரவில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது, வெள்ளை மட்டுமெனில் விலகிப் போகிறது.

போர் இதைத் தலைகீழாக்கிற்று. 1990களில் ஜாம் போத்தல் விளக்கொளியில் செய்தி எழுதிய எங்களுக்கு, உயரத்தே கண்சிமிட்டிச் செல்லும் விமானத்தால் அச்சமில்லை. விளக்கேதுமின்றி இரைச்சல் மட்டும் நெருங்கினால், எரிந்த திரியை ஊதி அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். 2007 ஏப்ரலில், உலகக்கிண்ணத் துடுப்பாட்ட இறுதியாட்ட இரவன்று, புலிகளின் சிறு விமானங்கள் வந்தபோது கொழும்பில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். தலைநகரில் அது பெருஞ்செய்தியாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த வேலையைப் பிள்ளைகளே செய்து பழகியிருந்தார்கள்.