ஒலிக்கும் உண்டு ஓர் அளவு

பேசுதல் ஒரு கலை என்பர் சான்றோர். பேசியதைக் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தலும் ஒரு கலையே என்பதை நாம் நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தோம். தமிழ் பயிற்றும் நமக்கும் ஒலிபெருக்கிக்கும் என்ன உறவு என வினவலாம். துறையின் முத்தமிழ் விழாப் பொறுப்பு நம் தோளில் ஏறிய நாள் முதலாய் அவ்வுறவு தொடர்கிறது.

முதலாண்டு விழாவில் பட்டிமன்றம். அணித்தலைவர் ஒருவர் உணர்ச்சிப் பெருக்கில் ஒலிவாங்கியை வாயருகே இழுத்து முழங்கினார். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள தொலைவு பாதியானாலே ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். குரலும் சேர்ந்து உயர்ந்தால் சொல்லவும் வேண்டுமோ! ஆம்ப்ளிபயர் தன் எல்லை கடந்து கரகரத்தது. பெட்டிக்குள் இருந்த டுவீட்டர் கருகியது. அதன்பின் நன்றியுரை போர்வைக்குள்ளிருந்து பேசியது போல் மங்கலாய்க் கேட்டது.

மறு ஆண்டு, மைக் செட் அமைக்கும் பெரியவர் 'கம்ப்ரசர்', 'லிமிட்டர்' இரண்டும் அடங்கிய கருவி ஒன்றைக் கொணர்ந்தார். கம்ப்ரசர் என்பது மடை காப்போன் போன்றது. 'திரெஷோல்டு' எனும் குறித்த அளவை ஒலி தாண்டும்போது மட்டுமே அது மடையைத் தாழ்த்தும். விகிதம் 4:1 எனில், அவ்வளவுக்கு மேல் 8 டெசிபெல் எழுந்த குரல் 2 டெசிபெல் மட்டுமே எழுந்ததாய் வெளிவரும். லிமிட்டரோ மதில் போன்றது. அதன் விகிதம் 10:1 அல்லது அதற்கும் மேல். எவ்வளவு கத்தினும் ஒலி அம்மதிலைத் தாண்டாது. வானொலி நிலையங்களில், ஒலிபரப்பி அளவு மீறாது காக்கப் பிறந்த கருவிகள் இவை. இவற்றுள் புகழ்பெற்ற '1176' என்னும் கருவியை அமெரிக்கரான பில் பட்னம் 1967-இல் உருவாக்கினார்.

பெரியவர் அளவோடு திருகி வைத்தார். நாமோ, ஆற்றலுள்ள கருவியை முழுமையாய்ப் பயன்கொள்ள வேண்டாவோ எனக் கருதினோம். திரெஷோல்டை மிகத் தாழ்த்தி, விகிதத்தை 8:1 ஆக்கி, குறைந்த ஒலியை ஈடுசெய்ய 10 டெசிபெல் கூட்டச் சொன்னோம்.

"சார், இவ்வளவு வேணாம். மெல்லிய குரல் வந்தா ஊளையிடும்" என்றார் அவர்.

"பாய், நாம் பார்த்துக்கொள்வோம்" என்றோம். கற்றோர்க்கே உரிய செருக்கு அது!

விழா கிராஅத்துடன் தொடங்கியது. ஓதுதலில் நிறுத்தமும் பொருளுடையது. அந்நிறுத்தம் ஒவ்வொன்றிலும் கருவி மடையைத் திறந்துவிட, மின்விசிறியின் இரைச்சல் மேலெழுந்து மௌனத்தைக் கலைத்தது. அடுத்து, முதலாண்டு மாணவி ஒருத்தி சீறாப்புராணம் குறித்துப் பேச வந்தாள். மென்மையான குரல். திரெஷோல்டைத் தொடாத அக்குரலுக்கு மடை தாழவே இல்லை. கூட்டிய 10 டெசிபெல் முழுதும் நின்றது. பெட்டியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்து அரங்கமே ஊளையிட்டது. பதறி ஒலியைக் குறைத்தோம். ஊளை அடங்கியது, அவள் குரலும் உடன் அடங்கியது.

விழா முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து அவள் தந்தை வந்தார். கடலோரச் சிற்றூரிலிருந்து விடியலில் பேருந்து ஏறி வந்தவர்.

"மக நல்லாப் பேசினாளாங்க ஐயா? எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்" என்றார்.

நாம் "நன்றாகப் பேசினாள்" என்றோம். அதற்கு மேல் நா எழவில்லை.

பின்வந்த ஒரு விடுமுறையில், ஆளற்ற அரங்கில் அப்பெரியவரிடம் மாணவனாய் நின்றோம். கண்ணிமைப் பொழுதை மாத்திரை என அளந்த மரபினர் நாம்; இக்கருவியோ நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றை அளவாய்க் கொள்வது. மடை தாழும் விரைவை 'அட்டாக்' என்றும், மீளும் விரைவை 'ரிலீஸ்' என்றும் வழங்குவர். அட்டாக் மிக விரைவாயின் ககர, தகர, பகரங்களின் முதல் வெடிப்பு மழுங்கும். வல்லினம் மெல்லினம் போல் ஒலிக்கும். ரிலீஸ் மிக விரைவாயின் நிறுத்தம்தோறும் இரைச்சல் மூச்சு விடும். நாம் இலக்கணத்தில் கற்பித்ததையே அவர் செவியால் அறிந்து வைத்திருந்தார்.

மூன்றாம் ஆண்டு 3:1 விகிதம். உரத்த குரல் மட்டுமே தொடுமளவு உயர்ந்த திரெஷோல்டு. மிகுதியாயின் 6 டெசிபெல் தணிவு. ஈட்டு ஒலி ஏதுமில்லை. மிக்சருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையே லிமிட்டர், டுவீட்டருக்குக் காவலாய் மட்டும். மெல்லிய குரலுக்குப் பெரியவர் சொன்ன மருந்து கருவியன்று. ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவிற்குக் கொணர்தலும், பெட்டிகளை ஒலிவாங்கிக்கு முன்னே நகர்த்தலுமே.

அம்மாணவி அவ்வாண்டும் பேசினாள். தந்தைக்கு வர இயலவில்லை. அவர் அமர்ந்திருந்த அதே கடைசி இருக்கையில் நாம் அமர்ந்து கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது.

மாணவச் செல்வங்களே! மேடையேறுமுன் ஒலிவாங்கிக்கு உரிய தொலைவை அறிந்து கொள்ளுங்கள். விழா நடத்துவோரே! கருவியின் அருகே நிற்பவரைக் கலந்து கொள்ளுங்கள். ஒருமுறையேனும் கடைசி வரிசையில் அமர்ந்து கேளுங்கள். முழங்குவோரைச் சற்றே தணிக்கக் கருவி உண்டு. மெல்லப் பேசுவோர்க்கு இடமளிக்க நாம்தான் உண்டு.