எந்த டேவானுக்கு ஓட்டு?

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. அம்மா பசியாறிக்கொண்டிருந்தார். "ஓட்டுப் போடப் போகணும், கிளம்புங்கம்மா" என்றேன்.

"போன வருஷந்தானே டேவானுக்குப் போட்டோம்? மறுபடியும் எதுக்குய்யா? முட்டி வலிக்குது, நான் வரல."

"அது வேற டேவான், இது வேற டேவான். உங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அம்மா பதில் பேசாமல் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. 2018-இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் இரண்டு வாக்குச் சீட்டு கொடுத்தார்கள். அம்மாவுக்கு இரண்டும் ஒரே டேவான்தான். இம்முறை பினாங்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. 2022 நவம்பர் 19-இல் போட்டது டேவான் ராக்யாட், அதாவது மக்களவைக்கு. இன்று போட வேண்டியது டேவான் உண்டாங்கான் நெகிரி, நம் மாநிலச் சட்டமன்றத்துக்கு.

சொல்லும் குழப்பக்கூடியதுதான். மலாயில் டேவான் என்றால் மண்டபமும்தான். ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் பக்கம் போனால் சட்டமன்றமும் இருக்கிறது, கச்சேரி, நாடகம் நடக்கும் டேவான் ஸ்ரீ பினாங்கும் இருக்கிறது. நெகிரி என்றால் மாநிலம், நெகாரா என்றால் நாடு. ஓசை கொஞ்சம் மாறினால் டேவான் நெகாரா, அதாவது மேலவை ஆகிவிடும். அதன் 70 உறுப்பினர்களில் ஒருவரைக்கூட நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. 44 பேர் மாமன்னரின் நியமனம். மாநிலத்துக்கு இருவராக 26 பேரைச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன.

இத்தனைக்கும் டேவான் நமக்குப் புதிய சொல் அல்ல. சமஸ்தானங்களில் இருந்த திவானும் இதுவும் ஒரே பாரசீகச் சொல். ராக்யாட்டும் நம் முன்னோர் நிலவரிக் கணக்கில் கேட்ட 'ரயத்து'வும் ஒரே அரபுச் சொல்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய், "கோவிச்சுக்காதீங்கம்மா. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் கோலாலம்பூர் பார்க்கிறது. அதுக்குப் போன வருஷம் போட்டோம். நிலம், வாசல் சாக்கடை, குப்பை லாரி இதெல்லாம் மாநிலத்துக் கையில. அதைப் பேச 40 பேரை அனுப்பணும். அதுக்குத்தான் இன்னைக்கு" என்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "சாக்கடைக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் போட்டுட்டு வந்திருப்பேனே!"

வாக்குச் சாவடியில் எனக்கு முன்னால் நின்றவர் அம்மாதான். மை வைத்த விரலைக் காட்டிக் கேட்டார்: "அடுத்தது எந்த டேவானுக்கு, எப்போ? இப்பவே சொல்லி வெச்சிடு."