தண்ணிக்குள்ள வேகம் பார்த்தோம்


மாசி மகத்துக்கு தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மன் தெப்பத்தோட தன் ரிமோட் நீர்மூழ்கியையும் விடணும்னு தொண்டர் பிள்ளை ஒருத்தன் கேட்டான். மறைந்த அப்பாவோட சேர்ந்து செஞ்சது.

முதல்ல நீச்சல் குளத்துல பார்த்தோம். 10 மீட்டர் இடைவெளியில ரெண்டு கயிறு கட்டினோம். வேகம் பிடிச்சு முதல் கயிறைத் தாண்டும்போதுதான் நேரம் எடுத்தோம். போக 12 வினாடி, வர 13. சராசரி, வினாடிக்கு 0.8 மீட்டர். ஒரு தடவை அளந்தா அது அளவில்லைன்னு ஃபேக்டரியில சொல்லுவோம்.

ஆனா கடல் வேற. உப்புத் தண்ணி மின்சாரம் கடத்தும். ரேடியோ அலை கொஞ்ச ஆழத்துலேயே அடங்கிடும். மூழ்கினா திரும்ப வராது. "வேணாம் தம்பி"ன்னோம். அழுதான்.

தெப்பத்தன்னைக்கு அதை மடியில வெச்சுக்கிட்டு கரையில உட்கார்ந்தான். அவன் அப்பா பேர்ல நாங்க ஒரு விளக்கு விட்டோம். தாயே துணை 🙏