ப்ளூ அகாரான்னு வாங்கினோம், வளர்ந்தா வேற மீன்

வீட்டில் மீன் தொட்டி வச்சிருக்கறவங்க, பிள்ளை கேக்குதேன்னு வாங்கப் போறவங்க, இந்த த்ரெட் உங்களுக்குத்தான். டியூட்டி முடிஞ்சா எனக்குத் தொட்டிதான் பொழுதுபோக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

சிக்லிட் என்பது பெரிய மீன் குடும்பம். நீங்க மார்க்கெட்ல வாங்குற ஜிலேபிக் கெண்டையும் அதுல சேர்ந்ததுதான். இதில் தொட்டிக்காக விற்கும் இரண்டு மீன்கள் ப்ளூ அகாரா, க்ரீன் டெரர். முதலாவது டிரினிடாட், வெனிசுவேலா பக்கத்து மீன். சுமார் 15 செ.மீ. வளரும், சிக்லிட் கணக்குல சாது. இரண்டாவது ஈக்வடார், பெரு பக்கம் பசிபிக் கடலில் போய்ச் சேரும் ஆறுகளில் வாழ்வது. ஆண் மீன் 20 செ.மீ. தாண்டும், குணம் பேர்லயே இருக்கு. ஆனா குஞ்சா இருக்கும்போது ரெண்டும் ஒரே பழுப்பு உடம்பு, நீலப்பச்சைப் பொட்டு. பழகினவங்களே தடுமாறுவாங்க.

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தரோட பையன், ஒன்பதாவது படிக்கிறான். தீபாவளிக் காசுல நாலு "ப்ளூ அகாரா" வாங்கினான். எட்டு மாசத்துல ஒண்ணுதான் மிச்சம். தொட்டியில இருந்த மத்த மீன்களும் செதில் பிஞ்சு செத்துப் போச்சு. தான் சரியா தண்ணி மாத்தலைன்னு அவன் அழுதுட்டே இருந்திருக்கான், வீட்லயும் அதையே சொல்லித் திட்டியிருக்காங்க. சிஸ்டர் போன்ல போட்டோ காட்டினாங்க. நல்லா வளர்ந்த ஆண் க்ரீன் டெரர். தண்ணி மேல ஒரு குத்தமும் இல்ல.

பேர் குழப்பம் எங்களுக்குப் புதுசில்ல. பாம்புக்கடின்னு வர்றவங்க "விரியன் கடிச்சிருச்சு" என்பாங்க. கட்டுவிரியனா, கண்ணாடி விரியனா? முன்னது நரம்பைத் தாக்கும், மூச்சே நின்னுடலாம். பின்னது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதனால பேரை நம்பி உக்கார மாட்டோம். கண் இமை தொங்குதான்னு பார்ப்போம், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் வச்சு உறையுதான்னும் பார்ப்போம். (அடையாளம் காட்டப் பாம்பை அடிச்சுப் பையில எடுத்துட்டு வராதீங்க, ப்ளீஸ்.)

மீனுக்கும் அதே மாதிரி உடம்பைப் பாருங்க. கொஞ்சம் வளர்ந்த பிறகு வால் ஓரத்தில் வேட்டிக் கரை மாதிரி அகலமா வெள்ளையோ ஆரஞ்சோ ஓடினால் அது க்ரீன் டெரர். ப்ளூ அகாராவுக்கு அப்படிக் கரை கிடையாது. இதுல இன்னொரு கூத்து, பெருவுல இருந்து வரும் க்ரீன் டெரரை 2009-ல் தனி இனமாவே பிரிச்சாச்சு. கடையில இன்னும் ஒரே பேர்தான்.

இதைவிட ஆபத்தான பேர் "எலெக்ட்ரிக் ப்ளூ". அகாராவுலயும் உண்டு, ஜாக் டெம்ப்ஸியிலயும் உண்டு, ராம்லயும் உண்டு, ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன் ஒண்ணுக்கும் அதே பேர். ராம் விரல் நீள மீன், அதுக்கு மென்மையான, வெதுவெதுப்பான தண்ணி வேணும். மலாவி மீனுக்குக் கடினத் தண்ணி வேணும், சின்ன மீனைப் பிடிச்சுத் தின்னவும் செய்யும். ரெண்டையும் "ரெண்டும் எலெக்ட்ரிக் ப்ளூதானே"ன்னு ஒரே தொட்டியில விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மாத்திரையில பிராண்ட் பேர், ஜெனரிக் பேர்னு இருக்கே, அது மாதிரி மீனுக்கும் அறிவியல் பேர் இருக்கு. கடையில் "அண்டினோஅகாரா புல்கெரா, ரிவுலேட்டஸா?"ன்னு கேளுங்க. முதலாவது ப்ளூ அகாரா, ரெண்டாவது க்ரீன் டெரர். கடைக்காரருக்குத் தெரியலைன்னா தாய் மீனைக் காட்டச் சொல்லுங்க. அதுவும் இல்லைன்னா குஞ்சை வாங்காம வந்துடுங்க.

ஏற்கனவே டெரர் வந்து சேர்ந்துட்டா அதுக்குத் தனித்தொட்டி, நாலடியாவது வேணும். முடியாதவங்க கடையிலயே திருப்பிக் கொடுங்க, இல்ல வளர்க்கத் தெரிஞ்ச ஒருத்தருக்குக் கொடுங்க. பாவம்னு சொல்லி ஏரியில மட்டும் விட்டுடாதீங்க. நம்ம ஜிலேபியும் 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுதான். உங்க ஊர் ஏரியில வலை போட்டா இப்ப எது அதிகமா மாட்டுதுன்னு கேட்டுப் பாருங்க.