கைநாட்டுக்கு இருந்த மரியாதை

இந்த நாட்டில் யாருக்கெல்லாம் கணினி தெரியும் என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து 69 வயதுக்காரர் வரை அதில் சேர்க்கிறார்கள். 70 ஆகிவிட்டால் கேட்பதில்லை. எனக்கு 74. வருமானம் குறைந்தவர்கள் முதியோர் கொடுப்பனவுக்கு உரித்துடையவர்கள் ஆவதும் அதே 70 வயதில்தான். அரசாங்கத்தின் கை எங்களுக்கு அதிகம் தேவைப்படும் வயது எதுவோ, அந்த வயதில்தான் எங்களால் என்ன முடியும் என்று கேட்பதையும் அரசாங்கம் நிறுத்திக்கொள்கிறது. கேட்டே பார்க்காத ஒருவரிடம் "எல்லாத்தையும் ஒன்லைனில போடுங்கோ ஐயா" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

நான் இணையத்துக்கு எதிரானவன் அல்லன். கடவுச்சீட்டுக்காகக் கிளிநொச்சியிலிருந்து இரவிரவாக பஸ்ஸில் போய், பத்தரமுல்லையில் விடியப்புறம் வரிசையில் நின்ற வயோதிபர்களை எனக்குத் தெரியும். 2023 யூனில் இணையவழி விண்ணப்பம் வந்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களிலேயே கைவிரல் அடையாளம் கொடுக்கலாம் என்றானபோது மனமார மகிழ்ந்தேன். 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே மூலம் அரச கட்டணங்களைப் போனிலேயே கட்டலாம். கட்டத் தெரிந்தவர்கள் கட்டட்டும், நல்லது. தெரியாதவருக்கு வேறு வழி இல்லாமல் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வயது போனால் புதியது ஏறாது என்று சிலர் சொல்வார்கள். வன்னியில் அந்தப் பேச்சு எடுபடாது. போர்க்காலத்தில் வருடக்கணக்காக இங்கே மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பெற்றோல் தடைப்பட்டபோது காபரேற்றருக்குள் ஒரு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அப்படி ஓட்டியவர்களில் உயிரோடு இருக்கும் பலர் இன்று என் வயதுக்காரர்கள். மூளை மழுங்கிய கூட்டம் இல்லை இது.

கனடாவிலும் பாரிசிலும் இருக்கிற பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் எத்தனை ஆச்சிமார் வைபரும் வட்ஸ்அப்பும் பழகிவிட்டார்கள்! ஆனால் வட்ஸ்அப் பிழையை மன்னிக்கும். தவறிப்போய் வேறு பொத்தானை அமத்தினால் மகள் சிரிப்பாள், திரும்ப எடுப்பாள். விண்ணப்பப் படிவம் சிரிக்காது. தமிழில் ஒரே பெயராக இருப்பது ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். எங்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. இடம்பெயர்வுகளில் தொலைந்தது, எரிந்தது போக, உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிக்கலை ஒரு விதானையாரிடம் சொல்லலாம். அவர் ஆளைப் பார்ப்பார், "இன்னாற்ற தாய்தானே" என்பார், ஒரு கடிதம் தருவார். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை என்று வருகிற இடத்தில் யாருக்கு எதைச் சொல்வது?

"பிள்ளைகளிடம் கேளுங்கள்" என்பதுதான் எல்லாரும் சொல்கிற அடுத்த யோசனை. கொழும்பிலிருந்து இதைச் சொல்கிறவர்கள் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடிக்கு ஒருமுறை வந்து போக வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அந்த இடத்தில் உட்கார்ந்த தாய்மாரில் பலர் இன்றைக்கு வயோதிபர்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிப் போனவர்களும் உண்டு. அவர்களிடம் போய்ப் பிள்ளையைக் கொண்டு படிவம் நிரப்புங்கள் என்று சொல்ல யாருக்கு நா எழும்பும்? மற்ற வீடுகளில் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். அங்கே இரவாயிருக்கிற நேரம் இங்கே கந்தோர் திறந்திருக்கிறது.

ஆகவே மிஞ்சுவது கொமினிகேசன் கடை. அக்கராயனிலிருந்தோ கண்டாவளையிலிருந்தோ பஸ் எடுத்து ரவுனுக்கு வரும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். சொப்பிங் பைக்குள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, எல்லாவற்றையும் மேசையில் பரப்புவார். கடைப்பெடியன் கெட்டவன் அல்ல, பெரும்பாலும் பொறுமையானவன். "அம்மா, போன் நம்பர்?" என்று கேட்பான். அவர் கசங்கிய கடதாசி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது பேத்தியின் நம்பர். ஓடிபி இலக்கம் அந்தப் போனுக்குப் போகும். பேத்தி பள்ளிக்கூடத்தில், போன் வீட்டில் சார்ஜில். சில நிமிடத்தில் இலக்கம் காலாவதியாகிவிடும். சரி, போன் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருகிற செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். அதையும் பெடியன்தான் வாசிக்க வேண்டும். ஆக, ஒரு மனிசியின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, இரகசிய இலக்கம் மூன்றும் ஒரே மேசையில் அந்நியர் ஒருவர் முன்னால் திறந்து கிடக்கும். வேலைக்குக் கூலியும் கொடுத்துவிட்டு வருவார். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவை 3000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதை நம்பி வாழ்கிற ஒருவருக்குப் பஸ் காசும் கடைக் கூலியும் போட்டோ கொப்பிக் காசும் சின்னத் தொகைகள் அல்ல.

காசை விட எனக்கு வலிப்பது வேறொன்று. தன் காரியத்தைத் தானே போய்ச் செய்துவந்த ஒருவர், வாழ்நாளின் கடைசிப் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரின் நேரம் பார்த்து நிற்க வேண்டி வருகிறது. ஷெல்லடிக்குள்ளும் பிள்ளைகளைப் பட்டினி போடாமல் காத்தவர்கள் இவர்கள். செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்றார்கள், மீளக்குடியேறித் தறப்பாளுக்குக் கீழே இருந்து வீடு கட்டினார்கள். இவர்களைப் பார்த்து "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, தள்ளி நில்லுங்கோ" என்று ஒரு திரை சொல்வது போலாகிவிடுகிறது.

எழுத்தறிவு விசயத்தில் அரசாங்கம் இப்படி நடக்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது நாட்டில் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். ஆனால் வாசிக்கப் பழகிக்கொண்டு வா, பிறகு வாக்குத் தருகிறேன் என்று அவர்களைத் தள்ளி நிறுத்தவில்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம் கொடுத்து, நிறத்தைப் பார்த்துப் பெட்டியில் போட வைத்தார்கள். இன்றைக்கும் வாக்குச்சீட்டில் சின்னம் இருக்கிறது. கையெழுத்து வைக்கத் தெரியாதவருக்குக் கந்தோரில் மை வைத்திருந்தார்கள். பெருவிரலை ஒற்றினால் போதும், காணி உறுதியே செல்லும். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவருக்கும், நிவாரணப் பட்டியலில் கைநாட்டு வைத்தவருக்கும் சட்டத்தின் முன் பெறுமதி ஒன்றுதான். இணையம் தெரியாதவருக்கு அந்த மை எங்கே?

செய்ய முடியாத காரியம் இல்லை இது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்ததே, நினைவிருக்கிறதா? பதிவதற்கு இணையம் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் ஒருமுறை யாராவது பதிந்து கொடுத்தால், அந்தப் படத்தைக் கடதாசியில் அடித்து, லமினேற் பண்ணி, கட்டைப் போனும் இல்லாத மனிசன்கூட பெற்றோல் செற்றில் நீட்ட முடிந்தது. கருவி வைத்திருக்க வேண்டியது செற்றுக்காரரின் பொறுப்பாக இருந்தது, எங்கள் கையில் கடதாசி போதுமாயிருந்தது. சரியான பங்கீடு அதுதான். கணினி உத்தியோகத்தரின் மேசையில் இருக்கட்டும், தரவும் அங்கேயே ஏறட்டும். முன்னால் நிற்கிற முதியவர் வாயால் சொல்லட்டும், உத்தியோகத்தர் தட்டச்சுச் செய்து, வாசித்துக் காட்டி, ஒரு பற்றுச்சீட்டைக் கையில் கொடுக்கட்டும்.

ஸ்பெயினில் வலென்சியா நகரத்து ஓய்வுபெற்ற வைத்தியர் கார்லோஸ் சான் யுவான் இதற்காகத்தான் குரல் கொடுத்தார். அவருக்கு அப்போது 78 வயது, பார்கின்சன் நோய் வேறு. வங்கிகள் கிளைகளை மூடி எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றியபோது, நான் முதியவன், முட்டாள் அல்ல என்று சொல்லிக் கையொப்பம் திரட்டினார். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பமிட்டார்கள். 2022 பெப்ரவரியில் வங்கிகள் இறங்கிவந்து, முதியோருக்காகக் கவுண்டர் நேரத்தைக் கூட்ட உடன்பட்டன. டென்மார்க்கில் அரசின் கடிதங்கள் 2014 முதல் இணையவழியில் வருகின்றன, முடியாதவர் விலக்குக் கேட்டால் கடதாசியில் அனுப்புவார்கள். எங்கள் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 60 கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அந்த அட்டையை நீட்டினால் எந்த அரச கந்தோரிலும் ஆளைக் கொண்டு காரியம் முடித்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

என் வயதுக்காரருக்கும் சொல்ல இருக்கிறது. படிக்க முடிந்தவர் படியுங்கள். பேரப்பிள்ளை எரிந்து விழுந்தாலும் திரும்பக் கேளுங்கள். சிம் கார்டை உங்கள் பெயரில் எடுங்கள். வங்கிக்கும் கச்சேரிக்கும் உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். ஓடிபி கேட்டு யார் போன் எடுத்தாலும், வங்கியிலிருந்து என்று சொன்னாலும், கொடுக்கவே வேண்டாம். சந்தேகம் வந்தால் 1919க்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள், அது அரச தகவல் நிலையம்.

இனி டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்தியாவின் நிதியுதவியோடு நடக்கும் அந்த வேலையில் முகம், கருவிழி, கைவிரல் ரேகை எல்லாம் பதிவார்கள். ஆயுள் முழுக்க நாற்று நட்டு, களை பிடுங்கி, மண் சுமந்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும். இந்தியாவில் ஆதார் வந்தபோது ரேகை படாததால் ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய முதியவர்கள் இருந்தார்கள். ஆகவே கொழும்பில் அந்தக் கருவியைத் தெரிவு செய்கிறவர்களிடம் கேட்கிறேன்: வாங்குவதற்கு முன் அதைப் பூநகரிக்கும் பச்சிலைப்பள்ளிக்கும் கொண்டு வாருங்கள். 70 வயது தாண்டிய கமக்காரர்களை வரிசையில் இருத்தி, அவர்களின் பெருவிரலை வைத்துப் பாருங்கள். எத்தனை பேருக்குப் படவில்லை என்று எண்ணுங்கள். படாதவருக்கு அன்றைக்கே, அந்த இடத்திலேயே என்ன செய்வது என்பதை ஒழுங்குவிதியில் எழுதிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.