மயில்கழுத்து நீலத்தில் ஒரு பிரேக்

சென்னையின் மேற்குப் பக்கத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்குப் பாதி நிறுத்தங்களின் பெயர் தொழிற்சாலைகளின் பெயர்தான். பாடியில் லூக்காஸ், பிரிட்டானியா, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப். டன்லப் ஆலை மூடிப் பல வருஷமாகிவிட்டது. கண்டக்டருக்கு அது இன்னும் டன்லப்தான். சி.டி.எச். ரோட்டை ஒட்டி வளர்ந்தவர்களுக்குக் காரின் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஒரு வீட்டின் சோறு. எதிர் வீட்டு மாமா ரிம் செய்யப் போவார், பக்கத்து வீட்டு அண்ணன் டைனமோ செய்யப் போவார், கோடி வீட்டுக்காரர் பிரேக் செய்யப் போவார்.

பிரேக் எங்கள் பக்கத்தின் சொந்தப் பண்டம். டி.எஸ். சந்தானம் முன்னின்று, இங்கிலாந்தின் கர்லிங் கம்பெனியோடு சேர்ந்து, 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பிறந்த சுந்தரம் கிளேட்டன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்தது. ஊரெல்லாம் ஓடுகிற வண்டிகளை ஓடவைத்த பெருமையை வேறு ஊர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அவற்றை நிற்கவைத்த வேலை இந்தச் சாலையில் நடந்தது. ஆனால் அந்த வேலையை யாரும் பார்த்ததில்லை. அம்பாசடரிலும் பத்மினியிலும் பிரேக் டிரம்முக்குள் இருந்தது, டிரம் தகட்டு ரிம்முக்குள் இருந்தது, ரிம்மின் மேல் வீல் கப் வேறு. தான் வார்த்த, கடைந்த, சோதித்த பொருள் வண்டியில் ஏறிய பிறகு அதைத் தன் பிள்ளைக்குக் காட்ட வழியில்லாமல் ரிட்டயர் ஆனவர்கள் எங்கள் தெருவில் நிறைய.

டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக்கும், தகட்டு ரிம்முக்குப் பதில் அலாய் வீலும் வந்ததும் கதவு திறந்தது. மெல்லிய கம்பிகளுக்கு நடுவே டிஸ்க் தெரிந்தது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் தெரிந்தது. தெரிகிற பொருளுக்கு நிறம் கேட்பது மனித சுபாவம். இன்று அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பூந்தமல்லி ரோட்டிலும் உள்ள பெயிண்டிங் கடைகளில் “காலிப்பருக்குக் கலர் அடிக்கணும்” என்று வந்து நிற்கிற இளைஞர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வெட்டிச் செலவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் நிறத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நிறம் வெறும் அலங்காரமாகத் தொடங்கவில்லை. போர்ஷேவில் அது ஒரு குறிப்பு. மஞ்சள் காலிப்பர் என்றால் உள்ளே இரும்பு டிஸ்க் இல்லை, செராமிக் கலவை டிஸ்க் இருக்கிறது என்று பொருள். 2017-ல் வந்த கயென் காரில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கோடு வெள்ளைக் காலிப்பர் வந்தது. ஹைப்ரிட் வண்டிக்குப் பளிச்சென்ற இளம்பச்சை. இத்தாலியில் பெர்காமோ பக்கத்தில் 1961-ல் பிறந்து, 1975 முதல் ஃபெராரியின் ஃபார்முலா 1 கார்களுக்குப் பிரேக் கொடுத்த பிரெம்போவின் சிவப்பு உலகம் முழுக்கத் தெரிந்தது. பந்தயத்தில் நிறத்துக்கு இதைவிடக் கறாரான வேலையும் உண்டு. டிஸ்க்கின் விளிம்பில் மெக்கானிக்குகள் வெப்பம் காட்டும் பெயிண்டைக் கோடாகத் தீட்டுவார்கள். பச்சைக் கோடு சுமார் 430 டிகிரியிலும் சிவப்புக் கோடு சுமார் 610 டிகிரியிலும் வெளுத்துவிடும். வண்டி உள்ளே வந்ததும் கோட்டைப் பார்த்தால் பிரேக் எவ்வளவு வெந்தது என்று தெரியும். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறது. இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தின் நேர்ச்சாலை முடிகிற இடத்தில் நின்று பாருங்கள். பிரேக் என்றால் என்ன என்று காது வழியாகவே புரியும்.

டிஸ்க் பிரேக்கின் மதிப்பை உலகத்துக்குக் காட்டியதும் ஒரு பந்தயம்தான். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டங்கன் ஹாமில்டனும் டோனி ரோல்ட்டும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டிரம் பிரேக் வண்டிகள் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தபோது இது இன்னும் உள்ளே போய்க் குறைத்தது. பந்தயம் முழுவதற்குமான சராசரி வேகம் முதல்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது அந்த வருஷம்தான். நன்றாக நிற்கத் தெரிந்த வண்டி வேகமாகப் போனது. அந்தப் பிரேக்கைச் செய்தது டன்லப். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இருக்கிற அதே பெயர்.

எஸ்டேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு ஜாப் ஒர்க் கடை உண்டு. சாண்ட் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங், கொஞ்சம் கை பெயிண்டிங். ஒருநாள் அங்கே ஒரு தம்பி இரண்டு கதவு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. காலிப்பர் கறுப்பு, வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மஞ்சள் வேண்டும் என்றான்.

கடைக்கார அண்ணன் உடனே ஷேட் கார்டை எடுக்கவில்லை. “தம்பி, கழற்றிப் பாத்துட்டுச் சொல்றேன். கலர் கடைசில” என்றார்.

ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ரகம் சாதாரணக் கார்களில் வருவதுபோலப் பின்னின் மேல் நகர்வதில்லை. நிலையாக நிற்கும், டிஸ்க்கை உரசும் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இரண்டு பக்கமும் இருக்கும். உடல் அலுமினியம். பேட் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் தகடு திருகியிருக்கும். அந்தத் தகட்டுக்கு அடியில் ஈரம் புகுந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. பொடி தகட்டை மேலே தள்ளியிருந்தது. தகடு பேட்டை இறுக்கியிருந்தது. பேட் தாராளமாக முன்னும் பின்னும் போகவேண்டிய இடத்தில் அதைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அப்படி இறுகிய பேட் பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், டிஸ்க் சூடேறும், ஒரு பக்கம் சீக்கிரம் தேயும். தூசி மறைக்கும் ரப்பர் ஒன்று கிழிந்து, உள்ளே பிஸ்டனைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை, அவனுக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது. நிறம் மாற்ற ஆசைப்பட்டிராவிட்டால் அந்தக் காலிப்பர் இன்னும் எத்தனை நாள் அப்படியே ஓடியிருக்கும்!

“பாரு தம்பி” என்று அண்ணன் தகட்டை நகத்தால் நெம்பிக் காட்டினார். “இதுக்கு மேல மஞ்சள் அடிச்சுக் குடுத்தா நான் உனக்குத் துரோகம் பண்றேன்.”

பிறகு நடந்ததெல்லாம் ஓவர்ஹால். தகடுகளைக் கழற்றிப் பொடியைச் சுரண்டினார்கள். காற்றை அளந்து அடித்துப் பிஸ்டன்களை வெளியே எடுத்தார்கள். பிஸ்டன் இருக்கும் துளையில் ஒரு காடி உண்டு. அதில் சதுர வெட்டுள்ள ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு கொஞ்சம் வளையும், விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். வேறு ஸ்பிரிங் கிடையாது. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த ரப்பர் வளையத்தின் தயவில்தான். நிறம் அடிக்கிறேன் என்று சீலோடு காலிப்பரைப் பவுடர் கோட்டிங் அடுப்பில் வைக்கிற கடைகள் உண்டு. பவுடர் இளகிப் படிய 180 முதல் 200 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ரப்பர் விறைத்துப் போகும். வெளியே பளபளப்பு, உள்ளே செத்த சீல். இதைப்போல ஆபத்தான அழகு வேறில்லை.

இங்கே அடுப்பே வேண்டாம் என்று முடிவானது. காலிப்பரின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டைத் தொடுவதில்லை என்பது அந்தக் கடையின் கட்டுப்பாடு. இரண்டு பாதிக்கும் நடுவே ஆயில் போகும் வழியிலும் ரப்பர் இருக்கலாம் என்பதால் மொத்தமாகச் சூடாக்கவும் முடியாது. ஆகவே இரண்டு டப்பா கலந்து அடிக்கும், தானே இறுகும், சூடு தாங்கும் எபாக்ஸி பெயிண்ட். துளைகளுக்கெல்லாம் அடைப்பான் போட்டு, பேட் உரசும் இடம், வண்டியில் பொருந்தும் முகம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, லேசாக பிளாஸ்டிங் செய்து, ஒரு துளி எண்ணெய்கூட இல்லாமல் துடைத்த பிறகுதான் ஸ்ப்ரே கன்னை எடுத்தார் அண்ணன்.

நிறம் பற்றிய பேச்சு அப்போதுதான் வந்தது. மஞ்சளுக்கு என்ன பொருள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். இல்லாத செராமிக்கை இருப்பதாகச் சொல்லும் நிறம் அவனுக்கு எதற்கு? கேட்டுக்கொண்டான். சிவப்பு எல்லோரிடமும் இருக்கிறது, அதிலும் மட்டமான சிவப்பு சூட்டில் கறுத்து இரண்டு கோடையில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஷேட் கார்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவன் ஒரு நீலத்தில் நிறுத்தினான். “அண்ணே, இது எங்கம்மா கல்யாணப் புடவை கலர்” என்றான். மயில்கழுத்து நீலம். எந்தக் கம்பெனியின் குறிப்பிலும் இல்லாத நிறம். வெயிலில் பச்சை கொஞ்சம் தலைகாட்டும், நிழலில் கருநீலம். வெள்ளி நிற ரிம்முக்குப் பின்னால் அது நின்ற அழகை இன்னும் மறக்கவில்லை. ஆவடியில் 1960-களிலிருந்து டாங்கிகள் செய்கிறார்கள். அங்கே வண்டிக்கு நிறம் அடிப்பது எதிரியின் கண்ணில் படாமலிருக்க. அதே சாலையில் இப்படிக் கண்ணில் படவேண்டும் என்றே ஒரு பொருளுக்கு நிறம் தீட்டுகிறோம். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

பிரேக் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,400 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. ஏறக்குறைய 1.8 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. 200-லிருந்து நின்றால் நான்கு மடங்கு. அந்தச் சூடு டிஸ்க்கில் ஏறி, பேட் வழியாக, பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் சாதி. நீர் ஏறிய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் தெருவுக்கு வருகிற ஊர் இது. இந்தக் காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றாமல் காலிப்பருக்கு மட்டும் புது நிறம் அடிப்பதில் பொருளில்லை. இன்னொன்று, அந்த ஆயிலே பெயிண்டைத் தின்னும். காலிப்பரின் நிப்பிளைத் திறந்து ஏர் எடுக்கும்போது ஒரு சொட்டு புது நிறத்தின் மேல் விழுந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துணியால் தேய்த்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.

பிளாஸ்டிக் உறை விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. காலிப்பர் மேல் ஒட்டவோ கட்டவோ சிவப்பில் ஓர் உறை, அதன் மேல் பெரிய கம்பெனியின் பெயர். விலை சில நூறு ரூபாய். அது வெப்பத்தை உள்ளே அடைக்கும், இளகும், கழன்று சுழலும் சக்கரத்தில் மாட்டும். நிஜக் காலிப்பரைக் கழற்றக்கூட வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரம். அந்தத் தகட்டுக்கு அடியில் பூத்திருந்த வெள்ளைப் பொடி அப்படித்தான் பூத்துக்கொண்டே இருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

நிறம் மாற்ற ஆசையிருந்தால் மாற்றுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் உடல் நிறத்துக்குத்தான் இடம். காலிப்பரின் நிறத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. கடையில் விலை கேட்பதற்கு முன்னால் ரப்பர் சீலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சீலைக் கையில் வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிஸ்டன்களை உள்ளே தள்ளி வைத்துப் பேட் மாட்டியிருப்பார்கள். முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டி நகர்வதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுப் பிறகு கியரைப் போடுங்கள்.