பழைய கலர் கண்ணாடி ஜன்னல் வாங்கப் போறீங்களா?

1/ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகள்ல, பிரிச்ச செட்டிநாட்டு வீடுகளோட கதவு, கலர் கண்ணாடி ஜன்னல் எல்லாம் கிடைக்கும். நம்ம சேவுகம்பட்டி மாதிரி ஊர்ல புது வீடு கட்டுறவங்களுக்கும் அதுமேல ஒரு கண்ணு. அழகுதான், வாங்குங்க. வீட்ல குழந்தை இருந்தா மட்டும் இதைப் படிச்சிடுங்க.

2/ 100 வருஷம் முன்னாடி இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வீடுகள்ல கண்ணாடித் துண்டுகளை காரீயப் பட்டியில கோத்து ஜன்னல் செஞ்சாங்க. செட்டிநாட்டுல பெரும்பாலும் மரச்சட்டம்தான். இங்க கவனிக்க வேண்டியது சட்டத்து மேல இருக்குற பழைய பெயிண்ட்.

3/ வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாதுன்னு இந்தியாவுல விதி வந்ததே 2016-ல. அமலானது 2017 நவம்பர்.

4/ "பாட்டி ஈயச் சொம்புல ரசம் வெச்சாங்களே டாக்டர்?" அது வெள்ளீயம். இது காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம்.

5/ சும்மா தொட்டா பயமில்ல. உப்புத்தாள் போட்டு தேய்க்கிறப்போ பறக்குற தூசிதான் ஆபத்து. தரையில படிஞ்சு, தவழுற குழந்தையோட கைவழியா வாய்க்குப் போகும். பெரியவங்களை விட 4-5 மடங்கு அதிகமா உடம்புல ஏறும். வயித்துவலி, ரத்தசோகை, படிப்புல பின்தங்குறது. பல நேரம் அறிகுறியே தெரியாது.

6/ தேய்க்கணும்னா வெளிய வெச்சு, தண்ணி தொட்டு, மாஸ்க் போட்டு தேய்ங்க. குழந்தை, கர்ப்பிணி பக்கத்துல வேண்டாம். கூட்டாம ஈரத்துணியால துடைங்க. சந்தேகம்னா ரத்தத்துல காரீய அளவு பார்க்கலாம்.

7/ தச்சர் அண்ணன்கிட்டயும் சொல்லுங்க. அதே சட்டையோடதான் அவர் வீட்டுக்குப் போய் பிள்ளையைத் தூக்குவாரு.